மந்திரிகள் குடிகள் அல்லர்

முன்னொரு காலத்தில், சட்டம் போடுகிறவர்கள் ஒரு பக்கமும் அதில் மாட்டிக்கொள்கிறவர்கள் மறுபக்கமுமாக இருந்த காலத்தில் (அது எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்), மகுடவர்மன் என்றொரு அரசன் இருந்தான். ஒரு கோடையில் பெரிய குளத்தின் கடைசிப் படி வெளியே தெரிவதைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே ஒரு சட்டம் போட்டான்.

"குடிகள் யாவரும் நாளொன்றுக்கு வீட்டுக்கு இரண்டு குடம் நீரே எடுக்க வேண்டும். மீறுவோர் கோட்டையை விட்டு வெளியேற்றப்படுவர்."

கூட நின்ற ஐந்து மந்திரிகளும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். ஒற்றை ஆள் வீட்டுக்கும் இரண்டு குடம், பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் இரண்டு குடம். இதைச் சட்டம் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

நாற்பது நாள் ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. நாற்பதாம் நாள், மருத்துவச்சி மருதாயி மூன்றாவது குடம் எடுத்ததாகப் பிடித்துக்கொண்டுபோய்ச் சபையில் நிறுத்தினார்கள்.

"பிள்ளை பொறந்த வீடு சாமி," என்றாள் அவள். "தாயையும் பிள்ளையையும் கழுவாம விட்டா சன்னி கண்டுடும். அதுக்குத்தான் எடுத்தேன். மந்திரி ஐயாமாரு வாழைத்தோட்டத்துக்கு அதே குளத்துல ஏத்தம் போட்டு எறைக்கிறாங்களே, அது என்ன கணக்குங்க?"

தலைமை மந்திரி வில்வநாதர் கோபப்படவே இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"அரசே, சட்டத்தின் வாசகம் 'குடிகள் யாவரும்' என்பது. நாங்கள் சட்டம் இயற்றுவோர். நாங்கள் குடிகள் அல்லோம். ஆகவே இது எங்களைக் கட்டாது."

மற்ற நால்வரும் ஆமாம் போட்டார்கள். அரசனுக்கும் அது சரியாகவே பட்டது. அவனுடைய அன்னப் பொய்கைக்கும் அதே குளத்து நீர்தானே போய்க்கொண்டிருந்தது. நாளை உச்சிப்பொழுதுக்குள் மருதாயி ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். ஊரில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவளுக்கு அந்த ஊரில் இடமில்லையாம்.

அப்போது சபை விகடகவி தாண்டவன் எழுந்தான். அவன் வாயைத் திறந்தாலே அரசன் சிரிப்பான் என்பதால் மந்திரிகளுக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"மந்திரியார் அருமையாகச் சொன்னார். அடியேன் மந்தபுத்தி, மறந்துவிடுவேன். 'நாங்கள் குடிகள் அல்லோம்' என்று ஓலையில் எழுதி ஐவரும் கையொப்பம் இட்டுத் தந்தால், ஊரார் வாயை அடைத்துவிடுவேன்."

"விகடகவிக்கும் ஒருநாள் புத்தி வந்திருக்கிறது," என்று சிரித்துக்கொண்டே வில்வநாதர் கையொப்பம் இட்டார். மற்றவர்களும் இட்டார்கள்.

மறுநாள் காலை மந்திரிகள் கதவைத் திறந்தால் வாசலுக்கு ஒரு கழுதை நின்றது. பக்கத்தில் கோட்டைக் காவலர்கள். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கழுதைமேல் ஏறிக்கொண்டிருந்தன. ஐவரும் மேல்துண்டு கூட இல்லாமல் அரண்மனைக்கு ஓடினார்கள். அங்கே தாண்டவன் அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தான்.

"மன்னர் பெருமானே, தங்கள் பாட்டனார் போட்ட சட்டம் ஒன்று உண்டு. இந்நாட்டுக் குடி அல்லாதவர் கோட்டைக்குள் மூன்று நாளுக்கு மேல் தங்கலாகாது. தங்கினால் கழுதைமேல் ஏற்றி எல்லை தாண்டி விடவேண்டும். இவர்கள் குடிகள் அல்லர் என்பதற்கு இவர்களே எழுதிய ஓலை இதோ. காவலர்களுக்கும் இதைத்தான் காட்டினேன்."

வில்வநாதருக்கு வேர்த்துக் கொட்டியது. "அரசே, இது அநியாயம். நான் ஏழு தலைமுறையாக இந்த மண்ணின் குடி. என் பாட்டனும் குடி, முப்பாட்டனும் குடி."

"நல்லது," என்றான் தாண்டவன். "குடி என்றால் நாற்பது நாளாக வாழைக்கு இறைத்த குற்றத்துக்கு ஊரைவிட்டுப் போக வேண்டும். குடி இல்லை என்றாலும் போக வேண்டும். எப்படிப் போவது என்பதை மந்திரியாரே சொல்லட்டும். கழுதை காத்திருக்கிறது."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும், மந்திரிகளை மன்னிக்க வேண்டுமானால் மருதாயியையும் மன்னிக்க வேண்டும் என்பது அவனுக்கே புரிந்தது. அவளை விடுவித்தான். தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டான்.

தாண்டவன் சிரிக்கவில்லை.

"மன்னா, விடுவித்தது போதாது. அவள் செய்தது குற்றமே அல்ல. அன்னத்துக்கு நீந்த நீர் இருக்கிறது, பிறந்த பிள்ளையைக் கழுவ நீர் இல்லை. இதை நினைத்தால் என் வயிறு எரிகிறது."

அரசன் மெல்லக் கேட்டான். "அப்படியானால் நான் குடியா, இல்லையா?"

"ஐந்து கழுதைதான் கொண்டுவந்தேன், மன்னா. ஆறாவதைத் தேட வைக்காதீர்கள்."

அரசன் முகம் கறுத்தது. பிறகு, என்ன தோன்றியதோ, முன்னைவிடப் பலமாகச் சிரித்துவிட்டான். அன்றே வாழைத்தோட்டத்து ஏற்றம் நின்றது. பொய்கையின் மடை அடைபட்டது. அரண்மனையும் ஒரு வீடுதான் என்று பறை அறைந்தார்கள்.

முந்நூறு பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு குடம். முதல் நாள் இரண்டும் மடைப்பள்ளியிலேயே தீர்ந்தன. இரண்டாம் நாள் ராணி முகம் கழுவவில்லை, அரசனோடு பேசவும் இல்லை. மூன்றாம் நாள் மந்திரிகள் குளிக்காமல் சபைக்கு வந்தபோது அருகில் உட்கார ஆளில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் புதுச் சட்டம் வந்தது. தலைக்கு ஒரு குடம், பிள்ளை பிறந்த வீட்டுக்கு மருத்துவச்சி கேட்கும் அளவு. நாற்பது நாள் ஊரே அழுதபோது மாறாத சட்டம், அரண்மனைக்கு நாக்கு வறண்டதும் நாலே நாளில் மாறியது.