இலை கேட்ட நரி

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு காடு இருந்தது, பிள்ளைகளே. அக்கரைக் காட்டில் சிறுத்தைகளுக்கும் செந்நாய்களுக்கும் சண்டை மூண்டது. நடுவில் அகப்பட்ட முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஆற்றைக் கடந்து ஓடிவந்தன.

வந்தவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று யானைத் தலைவர் கிழங்குகளை மலைபோலக் குவித்தார். பங்கிடும் வேலையை நரியிடம் விட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

நரி குவியல்மேல் ஏறி உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டது. அக்கரையிலிருந்து வந்தவர்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். பழைய வளைக்குப் பக்கத்து மரத்திலிருந்து ஓர் இலை பறித்து வந்தால்தான் கிழங்காம். இரண்டு முயல்கள் இலைக்குப் போயின. திரும்பவே இல்லை.

அடுத்தது செவலை என்ற தாய்முயலின் முறை. அவளுடைய மூன்று குட்டிகளும் பாலில்லாமல் துவண்டு கிடந்தன.

ஆற்றோரம் அவளைப் பார்த்தான் ஈட்டியப்பன் என்ற கிழட்டு முள்ளம்பன்றி. அவனுக்கு மறதி என்பதே கிடையாது. ஒன்பது வருடங்களுக்கு முன் அக்கரையிலிருந்து வெள்ளத்தில் மிதந்துவந்த இந்த நரியைக் கரையில் இழுத்துப் போட்டது அவன்தான். நரி ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவன் சேர்த்து வைத்திருந்த கிழங்கைக் கடித்துப் பார்த்து, ருசியில்லை என்று துப்பிவிட்டுப் போனது. அந்தக் கோபத்தை அவன் ஒருநாளும் இறக்கி வைத்ததில்லை.

"நான் வராவிட்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணே" என்றாள் செவலை.

"கொஞ்சம் பொறு, தங்கச்சி. அந்தப் பயலிடம் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது."

ஈட்டியப்பன் நேரே யானையிடம் போனான். எல்லா விலங்குகளும் கேட்க நரியின் சட்டத்தைப் புகழ்ந்தான். ஆனால் சட்டம் எல்லோருக்கும் பொதுவாயிற்றே, நரியும் அக்கரையிலிருந்து வந்ததுதானே, முதல் இலையை அதுவே கொண்டுவரட்டும் என்றான்.

யானைத் தலைவர் சரியென்று தலையாட்டினார். நரி கால்வலி என்றது. வெயில் என்றது. யானை விடவில்லை.

"ஆற்று நடுவே மணல்திட்டில் மூன்று கழுதைப்புலிகள் படுத்திருக்கின்றன, ஐயா. என்னையும் தின்றுவிடும்" என்று நரி உளறியது.

"போன முயல்கள் திரும்பவில்லை. பின்னே உனக்கு யார் சொன்னது?" என்றான் ஈட்டியப்பன். "அவை தின்ற மிச்சமீதி உனக்கு என்று பேச்சா?"

நரி பாய்ந்து ஓடப் பார்த்தது. ஈட்டியப்பன் முட்களைச் சிலிர்த்து வழியில் நின்றான். நரியின் மூக்கில் நாலு முள் தைத்தது.

"உன்னைக் கரையேற்றினேனே, அன்றைக்கு நான் இலை கேட்டேனா?"

யானைக் கூட்டம் பிளிறிக்கொண்டு மணல்திட்டில் இறங்கியது. கழுதைப்புலிகள் ஓடிய ஓட்டத்தில் புழுதிதான் மிஞ்சியது. அவற்றின் பின்னாலேயே நரியும் ஓடியது.

அன்று கிழங்கைப் பங்கிட்டவள் செவலை. யாரிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. குட்டிகள் வயிறு புடைக்கப் பால் குடித்துத் தூங்கின. ஈட்டியப்பன் பாதிக் கோபத்தை அன்று இறக்கி வைத்தான். மீதியை, நரி திரும்பி வந்தால் வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டான்.

நீதி: உயிர் தப்பி வந்தவருக்கு முதலில் உணவு கொடு; அத்தாட்சியை அப்புறம் கேட்கலாம்.