மங்கலாய்த் தெரிந்த படம்

"பழி வந்தா ஓடாதே, முதல்ல..." என்று எபினேசரின் அப்பா ஏதோ சொல்வார். மீதி அவனுக்கு மறந்துபோயிற்று. ஓடவும் வழியில்லை, தயாரிப்பாளர் வைரவன் அவன் வேலை செய்யும் அறை வாசலை மறித்து நின்றார்.

இன்னும் வெளியாகாத அவர் படம் இணையத்தில் பளிங்குபோல ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு சப்டைட்டில் எழுதுகிறவன் எபினேசர்.

"இந்தத் திரையிலேருந்துதானே படம்பிடிச்சுத் திருடினே? இல்லேன்னு இப்பவே நிரூபி. இல்லாட்டி ஜெயிலுக்குப் போ."

"ஓட்டியே காட்டுறேன் சார்."

ஓட்டினான். திரையில் முகங்களெல்லாம் மங்கிக் குழம்பின.

"என்னடா இது?"

"திருட்டுக்குப் பயந்து நீங்க போட்ட பூட்டு சார். பழைய மானிட்டர்ல படம் தெளிவா வர விடாது. ஆறு மாசமா புதுசு கேட்டேன், உனக்கெதுக்குன்னீங்க. இந்தப் படம் என்கிட்டயும் உங்க மாப்பிள்ளைகிட்டயும்தான் இருக்கு. அவர் வீட்டுத் திரை புதுசு."

வைரவன் வாசலை விட்டு விலகினார். பிறகு போனில் மேனேஜரைக் கூப்பிட்டார்.

"இவனுக்குப் புது மானிட்டர் கொண்டாந்து மாட்டு. பழசை உடைச்சுடு. அதுக்கப்புறம் போலீஸைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

மேனேஜர் வருமுன் எபினேசர் பழைய மானிட்டரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, தானே காவல் நிலையத்துக்கு நடந்தான்.