மூணு டேட்டாபேஸும் ஒரு மண்டப மேனேஜரும்

தாராபுரத்துல டயர் கடைக்கு மேல்மாடியில ஜொஹரா டீச்சர் வெப்சைட் பண்ணிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. சாயந்திரமானா கம்ப்யூட்டர் கிளாஸ். டீச்சருக்கு வயசு முப்பத்திரெண்டு. அவங்ககிட்டத் தொழில் கத்துக்க வந்த வேதமூர்த்திக்கு நாப்பத்தாறு. இதைச் சொல்லிச் சிரிச்சவங்க ஊர்ல உண்டு. டீச்சரும் சிரிக்கல, வேதமூர்த்தியும் சிரிக்கல.

வேதமூர்த்தி சென்னையில ஒரு பெரிய கம்பெனியில பத்தொன்பது வருஷம் டேட்டாபேஸ் மேய்ச்சவர். ஆயிரம் ரெண்டாயிரம் இல்ல, கோடிக்கணக்குல வரி வரியாத் தகவல். "நான் இல்லாட்டி அங்க ஒண்ணும் நகராது"ன்னு பொண்டாட்டிகிட்ட அடிக்கடி சொல்லுவார். ஒருநாள் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிச்சுது. அதுக்கப்புறமும் நகர்ந்துச்சு.

இங்க அவர் கைக்கு வந்த முதல் வேலை ஒரு கல்யாண மண்டபம்.

மண்டப மேனேஜர் பேரு அர்த்தநாரி. இருபது வருஷமா நோட்டுல புக்கிங் எழுதுற மனுஷன். போன ஆவணியில ஒரே முகூர்த்தத்தை ரெண்டு வீட்டுக்கு எழுதிட்டார். விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு மாப்பிள்ளை, ரெண்டு நாதஸ்வர செட்டு, ஒரே வாசல். அர்த்தநாரி சமையல்கட்டு ஜன்னல் வழியா குதிச்சு ஓடினார்னு ஒரு கட்சி சொல்லும். இல்ல, சாம்பார் அண்டாவுக்குள்ளதான் இருந்தார்னு இன்னொரு கட்சி சொல்லும். மண்டபக் கமிட்டி கூடிப் பேசி ஒரே முடிவாச் சொல்லிருச்சு. இனிமே புக்கிங் வெப்சைட்லதான். இன்னொரு தடவை ஒரே தேதிக்கு ரெண்டு மாப்பிள்ளை வந்தா, அர்த்தநாரிக்கு அந்த நாற்காலி கிடையாது.

அடுத்த வருஷ முகூர்த்தத்துக்கெல்லாம் புக்கிங் திறக்கிறது திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு.

மண்டபம் வாங்கியிருந்தது ஷேர்டு ஹோஸ்டிங். லைன் வீடு மாதிரின்னு வச்சுக்கங்க. ஒரே மெஷின்ல இருநூறு வெப்சைட் குடித்தனம். தண்ணிக் குழா ஒண்ணுதான். பக்கத்து வீட்டுல துணி துவைச்சா நமக்கு நூலா வரும்.

புதன்கிழமை வேதமூர்த்தி கேட்டார். "டீச்சர், இதுக்கு எந்த டேட்டாபேஸ் போடலாம்?"

"வருஷத்துக்கு எத்தனை முகூர்த்தம் வரும் சார்?"

"அம்பது. மிஞ்சினா அம்பத்தஞ்சு."

"சரி," ன்னு சொல்லிட்டு டீச்சர் கிளாஸ் எடுக்கப் போயிட்டாங்க.

இது பதிலான்னு வேதமூர்த்திக்குப் புரியல. வீட்டுக்குப் போய் பதினோரு பக்கம் எழுதினார். வழி மூணு. ஒண்ணு எஸ்க்யூலைட், மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல்ல அடங்கிரும். ரெண்டு மைஎஸ்க்யூஎல், ஹோஸ்டிங்காரங்களே சேர்த்துக் குடுக்குறது. மூணு, லைன் வீடே வேண்டாம்னு தனியா ஒரு சர்வர் எடுத்து அதுல போஸ்ட்கிரெஸ்னு பெரிய டேட்டாபேஸ். மூணாவதுக்கு மட்டும் ஏழு பக்கம். அதுல படமும் இருந்துச்சு.

டீச்சர் எல்லாத்தையும் நிதானமாப் படிச்சாங்க.

"நல்லா இருக்கு சார். இதுல அர்த்தநாரி அண்ணன் எந்தப் பக்கத்துல வர்றாரு?"

"அவர் யூசர் டீச்சர். யூசர் எதுக்கு இதுல?"

"மூணையும் தனித்தனியாச் செஞ்சு, இந்த வருஷ புக்கிங்கை நோட்டுலருந்து ஏத்தி வைங்க. மூணுக்கும் தினம் ஒரு காப்பி எடுத்து வைங்க. டேட்டா போச்சுன்னா எப்படித் திரும்பக் கொண்டு வர்றதுன்னு மூணுக்கும் தமிழ்ல எழுதி வைங்க. சனிக்கிழமை பாத்துக்கலாம்."

சனிக்கிழமை அர்த்தநாரி வந்தார். பழைய நோட்டை ஒரு துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்திருந்தார்.

"எதுக்குங்ணா அது?"

"ஒரு தைரியத்துக்குங்க டீச்சர்."

டீச்சர் முதல்ல கிளாஸ் பிள்ளைங்களையும் கீழே டயர் கடை ஆளுங்களையும் கூப்பிட்டாங்க. முப்பது போன். எல்லாரும் ஒரே தேதியை ஒரே நேரத்துல அமுக்கணும். மூணு, ரெண்டு, ஒண்ணு. அமுக்கினாங்க. ஒருத்தருக்குத் தேதி கிடைச்சுது. மத்த இருபத்தொன்பது பேருக்கும் "இந்தத் தேதி போயிருச்சு"ன்னு வந்துச்சு. மூணு டேட்டாபேஸ்லயும் இப்படித்தான். டயர் கடை பஷீருக்கு மூணு தடவையும் கிடைக்கல.

"எனக்குக் கல்யாண யோகமே இல்லீங்க," ன்னு சொல்லிட்டு இறங்கிப் போனார். அவருக்கு மூணு பிள்ளைங்க.

வேதமூர்த்திக்கு முகம் தொங்கிப் போச்சு. "மூணுமே தாங்குதே டீச்சர்."

"தாங்காம? தேதிக்கு ஒரு புக்கிங்னு நீங்க போட்ட பூட்டு நல்ல பூட்டு சார். எந்தக் கதவுல போட்டாலும் பூட்டும்."

சொல்லிக்கிட்டே மூணுலயும் இருந்த புக்கிங் அத்தனையையும் அழிச்சாங்க.

அர்த்தநாரிக்கு வேர்த்துருச்சு. ஆவணி மாசம் மறுபடி வந்த மாதிரி இருந்துச்சு அவருக்கு.

"பயப்படாதீங்கண்ணா. ஒத்திகைதான். நேத்து எடுத்த காப்பி இருக்கு. எப்படின்னு சார் பேப்பர்ல எழுதியிருக்காரு. திரும்பக் கொண்டாங்க பாப்போம்."

"நானுங்களா?"

வேதமூர்த்தி வேகமா எந்திரிச்சார்.

"சார், நீங்க உக்காருங்க. நீங்க இப்ப உடுமலையில ஒரு கல்யாணத்துல இருக்கீங்க. போனுக்கு டவர் இல்ல."

"உடுமலையில டவர் இருக்குங்களே," ன்னார் அர்த்தநாரி.

"அப்ப மலை மேல கல்யாணம்."

வேதமூர்த்தி உக்காந்தார்.

முதல்ல ஒத்தை ஃபைல். அர்த்தநாரி கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டுப் படிச்சார். காப்பியைக் கண்டுபிடிச்சார். கண்ணுக்குத் தெரிஞ்ச முதல் ஃபோல்டர்ல போட்டார். மண்டபத்துப் போட்டோ எல்லாம் இருக்கிற ஃபோல்டர் அது, ஊரே பாக்கிற இடம். டீச்சர் தன்னோட போன்ல அந்த ஃபைலோட வெப் விலாசத்தை அடிச்சாங்க. மொத்த ஃபைலும் போன்ல இறங்கிருச்சு.

"அண்ணா, எந்த வீட்டுல எப்பக் கல்யாணம், அவங்க போன் நம்பர் என்ன, எல்லாம் என் கையில இருக்கு. இனி பந்தல்காரர், போட்டோக்காரர், மேளக்காரர் எல்லாரும் பொண்ணைப் பெத்தவங்களைத் தூங்க விட மாட்டாங்க."

"ஐயையோ, எடுங்க டீச்சர்!"

அடுத்தது தனி சர்வர். கறுப்புத் திரை. ஓரத்துல ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு. அர்த்தநாரி பேப்பரைப் பாத்துப் பாத்து ஒவ்வொரு எழுத்தாத் தட்டினார். ரெண்டரைப் பக்கப் பேப்பர். தட்டத் தட்ட அது இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுச்சு.

"இது என்னையத் திட்டுதுங்களா?"

வேதமூர்த்தியால தாங்க முடியல. "ஒரே ஒரு எழுத்துதான் டீச்சர். ஒண்ணே ஒண்ணு சொல்லிர்றேனே."

"உங்களுக்கு டவர் இல்லீங்க சார்," ன்னார் அர்த்தநாரி.

இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, ஒரு புக்கிங்கும் திரும்ப வரல. அர்த்தநாரி எழுந்து நின்னு அந்தத் திரைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கடைசியா ஹோஸ்டிங்காரங்க குடுத்த மைஎஸ்க்யூஎல். உள்ள போனா பட்டன் பட்டனா இருந்துச்சு. பேக்கப்னு ஒண்ணு. அதுக்குள்ள வெள்ளிக்கிழமைத் தேதி. பக்கத்துல ரீஸ்டோர்னு ஒண்ணு. அர்த்தநாரி தப்பா ஒண்ணை அமுக்கினார். திரும்பி வந்தார். சரியானதை அமுக்கினார். ஒம்பதாவது நிமிஷம் ஒரு சத்தம் போட்டார்.

"வந்துருச்சுங்!"

டீச்சர் அவருக்கு டீ சொன்னாங்க.

வேதமூர்த்தி பக்கத்துல வந்து குரலை இறக்கினார். "டீச்சர், மூணுல இதுதான் சாதா. நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணையும் திருகிச் சரிபண்ண முடியாது."

"ஆமா சார்."

"பக்கத்து வெப்சைட்ல கூட்டம் வந்தா நம்முது நொண்டும்."

"நொண்டும்."

"அந்தத் தனி சர்வர் குதிரை டீச்சர்."

"குதிரைதான். இன்னைக்கு எத்தனை மணிக்குத் திரும்பி வந்துச்சு?"

வேதமூர்த்தி ஒரு நாற்காலியை இழுத்து அர்த்தநாரி பக்கத்துல போட்டு உக்காந்தார். மைஎஸ்க்யூஎல்லுக்குத் தான் எழுதின பேப்பரை அவர் முன்னால வச்சார்.

"அண்ணா, இதுல எந்த வரி உங்களைத் தப்பா அமுக்க வச்சுது?"

அர்த்தநாரி ஒரு வரியைத் தொட்டுக் காமிச்சார். வேதமூர்த்தி அதை அடிச்சுட்டு வேற மாதிரி எழுதினார். படிக்கச் சொன்னார். மறுபடி அடிச்சார், மறுபடி எழுதினார். அரைப் பக்கமா இருந்தது ஏழு வரியாச்சு. ஹோஸ்டிங்காரங்க காப்பியை மட்டும் நம்பாம பென் டிரைவ்ல தினம் ஒண்ணு எடுக்கணும்னு எட்டாவதா ஒரு வரியைச் சேர்த்தார். அதுக்குள்ள டீ ஆறிப் போச்சு.

திங்கக்கிழமை பத்து மணிக்குப் புக்கிங் திறந்துச்சு. வேதமூர்த்தி மேல்மாடியில போனை முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். பதினொண்ணு ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. போன் கெட்டுப் போச்சோன்னு சந்தேகம் வந்து, கீழே போய் பஷீரை ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொன்னார். அடிச்சுது. நல்லாத்தான் அடிச்சுது.

சாயந்திரம் அர்த்தநாரி மிக்சர் பொட்டலத்தோட படியேறி வந்தார்.

"பக்கம் திறக்கச் சித்த நேரம் சுத்துச்சுங்க. மத்தபடி ஒரு குறையும் இல்ல. தை மாசத்துல ஒரு தேதிக்கு ரெண்டு வீட்டுக்காரங்க மோதினாங்க. தேதி கிடைக்காதவங்க மாமன் மச்சானோட நேரா மண்டபத்துக்கே வந்துட்டாங்க. நான் எந்திரிக்கவே இல்லீங்க. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காமிச்சேன். 'பத்து மணி பதினோரு செகண்டுக்கு அவங்க. பதினாலாவது செகண்டுக்கு நீங்க. வைகாசியில நல்ல நாள் ஒண்ணு இருக்குது, போட்டுரட்டுமா?' அப்படின்னேன்."

"போட்டாங்களா?"

"திட்டிக்கிட்டே போட்டாங்க. கமிட்டித் தலைவர் பாத்துக்கிட்டே நின்னாருங்க. மின்விசிறியை என் பக்கமாத் திருப்பி விட்டுட்டுப் போனாரு."

மிக்சரை வச்சுட்டு அவர் இறங்கிப் போயிட்டார். டீச்சர் கிளாஸுக்குக் கம்ப்யூட்டரை ஒண்ணொண்ணாப் போட்டுக்கிட்டு வந்தாங்க.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"இன்னைக்குப் பூரா என்னைய ஒருத்தரும் கூப்பிடல. ஒரு சந்தேகம்னுகூடக் கேக்கல. இன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு வீட்டுல கேட்டா என்னத்தைச் சொல்றது?"

"ஒருத்தரும் கூப்பிடல இல்ல, அதைத்தான் பண்ணேன்னு சொல்லுங்க."