ஒன்பதாவது பாட்டு

"யாருக்குமே புரியலை மாஸ்டர்."

ஜசிந்தா வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னாள்.

சவரிநாதன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "உக்காருங்கம்மா" என்றார்.

ஏற்காட்டில், ஏரியைவிட்டு விலகிய ஒரு மேட்டில், இரண்டே அறைகள் கொண்ட வீடு அவருடையது. ஒரு காலத்தில் பாதிரியார். ரோமில் பல வருடம் படித்தவர். அங்கியைக் கழற்றிவிட்டு வந்த பிறகு குரல் பயிற்சியும் இத்தாலிய மொழியும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஜசிந்தாவைவிட வயதில் சிறியவர். முதல் நாள் அவள் "ஃபாதர்" என்று கூப்பிட்டபோது, "அது முடிஞ்சுபோச்சும்மா" என்றார். அன்றிலிருந்து மாஸ்டர்.

ஜசிந்தாவைச் சென்னையில் தெரியாதவர்கள் குறைவு. மாதா கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, மேற்கத்திய சாஸ்திரிய முறையில் குரலைப் பழக்கி, பிறகு அந்தக் குரலோடு தபேலாவையும் கிட்டாரையும் சேர்த்து மேடையேறியவள். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் பெரிய பெயர் வந்தது. இப்போது வந்திருப்பது முழுக்க இத்தாலிய மொழியில் ஒரு ஆல்பம். ஒன்பது பாட்டு.

எட்டுப் பாட்டு யார் யாரோ எழுதியவை. ஒன்பதாவது அவளே எழுதியது. தமிழில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். சவரிநாதன் அதைப் படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது இத்தாலிய வரிகளைக் கொடுத்தார். மற்ற எட்டையும் போலவே அதையும் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, ஒலி பிசகாமல் மனப்பாடம் செய்தாள்.

"எது புரியலை?"

"ஒன்பதாவது. அதைத் தாலாட்டுன்னு பத்திரிகையில எழுதறாங்க. காதல் பாட்டுங்கிறாங்க சில பேர். கல்யாண மண்டபத்துல பொண்ணு நடந்து வரும்போது போடறாங்க மாஸ்டர். ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எங்க பொண்ணு உங்க பாட்டுலதான் மேடைக்குப் போனா'ன்னு சொல்லி அழுதாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காட் பிளெஸ் யூ சொன்னேன்."

அவர் இன்னொரு பூண்டை எடுத்தார்.

"லாம்பர்ட் வந்திருந்தான், வெளியீட்டு விழாவுக்கு."

லாம்பர்ட் அவளுடைய மருமகன்.

"கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தான். ஒன்பதாவது பாட்டு முடிஞ்சதும் எழுந்து நின்னு கைதட்டினான். அவன் செஞ்சதைத்தான் பாடியிருக்கேன். அவன் எழுந்து நின்னு கைதட்டறான். அப்புறம் மேடைக்கு வந்து, தோள்ல கை போட்டு, என்கூட போட்டோ எடுத்துக்கிட்டான்."

"நீங்க?"

"சிரிச்சேன்."

பாட்டில் இருந்தது பெரிய கதை ஒன்றுமில்லை. அடிபட்ட ஒரு பெண் அம்மா வீட்டு வாசலுக்கு வருகிறாள். அம்மா தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறாள். பிறகு அம்மா மன்னிப்பு கேட்கிறாள்.

நடந்ததும் அதுதான், மன்னிப்பைத் தவிர.

டெல்பின் ஒரே மகள். சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஒருநாள் மத்தியானம், ஒரு பையோடு சென்னை வீட்டு கேட்டில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது.

"அம்மா, நான் இங்கயே இருந்துடறேன்."

உள்ளே ஹாலில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஆல்பத்துக்கான ஒத்திகை. ஜசிந்தா திரும்பி ஹாலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியிலேயே கொடுத்தாள்.

"இவங்க முன்னால வேணாம் டெல்பின். இந்த வேலை முடியட்டும். நானே வந்து அவன்கிட்ட பேசறேன். இப்ப போ."

டாக்ஸி பிடித்து ஏற்றிவிட்டாள். உள்ளே வந்து பாடினாள். அன்றைக்குக் குரல் அருமையாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள்.

அவள் பேசப் போகவே இல்லை. ரெக்கார்டிங் வந்தது. விழா வந்தது. மகளோடு போனில்தான் பேச்சு. நல்லா இருக்கியா? இருக்கேம்மா.

"டெல்பினுக்குப் பாட்டை அனுப்பினீங்களா?" என்று கேட்டார் சவரிநாதன்.

"அனுப்பாம? அவளுக்காகத்தானே எழுதினது. தப்பு பண்ணிட்டேன்னு, திரும்பி வந்துடுன்னு, எல்லாம் அதுல சொல்லிட்டேனே."

"என்ன சொன்னா?"

"'டியூன் நல்லா இருக்கும்மா'ன்னா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க மாஸ்டர்."

சவரிநாதன் பூண்டைக் கீழே வைத்தார். அவளை நேராகப் பார்த்து இத்தாலிய மொழியில் பதில் சொன்னார். நீளமான பதில். சில ஒலிகள் அவள் பாடிய பாட்டுகளில் வந்தவைதான். அர்த்தம் தெரியவில்லை.

"தமிழ்ல சொல்லுங்க."

அவர் மறுபடியும் இத்தாலிய மொழியிலேயே சொன்னார். இந்த முறை இன்னும் நிதானமாக, இன்னும் இனிமையாக.

"எனக்குப் புரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமே!"

நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் சொன்னார். குரல் தழுதழுத்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

ஜசிந்தா எழுந்துவிட்டாள். "கேலி பண்றீங்களா? வயிறு எரிஞ்சு வந்து நிக்கறேன். கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேனே."

"எனக்குப் புரியற மாதிரி சொன்னீங்களா?"

"ஏம்மா, டியூன் நல்லா இல்லையா?"

ஜசிந்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே டூரிஸ்ட் வேன் ஒன்று பாட்டைப் போட்டுக்கொண்டு மேடேறிப் போனது.

"நான் எழுதிக் கொண்டுவந்து குடுத்தப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள். "படிச்சீங்க. யாரைப் பத்தின்னும் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை கேட்கலை."

"கேட்கலை."

"ஏன்?"

"நீங்க பாட்டு கேட்டீங்க. குடுத்தேன். நல்லா அமைஞ்சுபோச்சு. அந்தச் சந்தோஷத்துல நானும் இருந்துட்டேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் தப்பித்துக்கொள்ளும் எண்ணம் இல்லை. பூண்டுத் தோலை எல்லாம் ஒரு தாளில் கூட்டி அள்ளினார். அள்ளிக்கொண்டே கேட்டார்.

"கேட்டுல நின்னு டெல்பின் உங்களை எந்த மொழியிலம்மா கேட்டா?"

ஜசிந்தா எழுந்தாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் காருக்குப் போனாள்.

காரில் ஏறியதும் டிரைவர் "சென்னைக்குத்தானே மேடம்?" என்றார். "சேலத்துல ஒரு வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

மலை இறங்கும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். தப்பு பண்ணிட்டேன். ரெண்டே வார்த்தை. இத்தாலிய மொழியில் அதே இடத்தை ஒரே மூச்சில் எடுத்து, மேல் ஸ்தாயிக்கு ஏற்றி, அங்கேயே நிறுத்திக் காட்டியிருக்கிறாள். விமர்சகர்கள் அந்த இடத்தைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். தமிழில் முதல் வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் கார் திரும்பத் திரும்ப, மறுபடி மறுபடி ஆரம்பித்தாள்.

சேலத்தில் அது ஒரு அபார்ட்மென்ட். பகல் வேளை, லாம்பர்ட் வேலைக்குப் போயிருந்தான். பெல் அடித்ததும் டெல்பின் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

ஜசிந்தா இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே மகளைக் கட்டிக்கொண்டாள். அரங்கத்தின் கடைசி வரிசைவரை மைக் இல்லாமலே போகிற குரல் அது. இப்போது காற்றாகத்தான் வந்தது. மகளின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"தப்பு பண்ணிட்டேன்டி. அன்னைக்கு உன்னை உள்ள விட்டிருக்கணும். அவங்க எல்லாரையும் எழுப்பி அனுப்பிட்டு உன்னை உள்ள கூட்டிக்கிட்டுப் போயிருக்கணும். பாட்டுல சொன்னதும் அதுதான், உனக்குப் புரியற மாதிரி சொல்லலை. இப்ப கிளம்பு. பையைக்கூட எடுக்க வேணாம். நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

சொல்லி முடித்துவிட்டு, மகள் அழுவாள் என்று காத்திருந்தாள்.

டெல்பின் அழவில்லை. கொஞ்சம் விலகி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, மறுபக்கத்துக் கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா. அந்தக் காது கேட்காது. அன்னைக்கு நீ திருப்பி அனுப்பினேல்ல, இங்க வந்து சேர்ந்ததும் அவன் அறைஞ்சதுல போயிடுச்சு."