முதல் இலை காட்டும் இடம்

மாடியில் செடி வளர்க்கிறவர்கள் முந்நூறு பேர் சேர்ந்து செல்போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆரம்பித்தவள் சகாயமேரி. தபாலாபீசில் வேலை, வயது நாற்பது. கத்திரியில் பூச்சி விழுந்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். அப்படியே குருவம்மா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சிஷ்யர்களில் மூத்தவர் தணிகாசலம். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர், அவளைவிட இருபத்தைந்து வயது கூட.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விதை வாங்கியவர், முதல் இலை விட்டதும் அதைப் படம் பிடித்து, கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும். தனியாக நன்றி சொல்லத் தேவையில்லை.

குழு இருந்த ஆப்பில் ஒரு செடிப் படத்துக்கு மூன்று விளம்பரம் வர ஆரம்பித்தது. வேறிடம் போவோம் என்றார்கள். தணிகாசலம் ஒரு மாதம் உட்கார்ந்து ஏழு ஆப்பைக் கழற்றிப் பார்த்தார், எஞ்சினைக் கழற்றுகிற மாதிரி. ஆடியில் குடிபோகக் கூடாது என்று அவசரப்பட்டு, ஆனி முடிவதற்குள் எல்லோரையும் கிளப்பிவிட்டார்.

வந்தது எண்பது பேர்தான். அதிலும் பாதிப் பேர், இந்த ஆப் சரியில்லை, மூன்றாவது ஒன்றுக்குப் போவோம் என்று சண்டை. மனிதர் சோறு இறங்காமல் குருவம்மா மாடிக்கு வந்து சேர்ந்தார்.

அவள் கத்திரி நாற்றைப் பிடுங்கி வேறு தொட்டியில் நட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியுது குருவம்மா. தாய்மண்ணோட எடுத்து வைக்கணும், அதானே சொல்ல வர்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே. கத்திரி நடறேன். அந்தப் பூவாளியைப் பிடிங்க."

பிடித்துக்கொண்டார். குழு உடைந்துவிடும் போலிருக்கிறது, எட்டு வருஷம் சேர்த்த ஜனம், தப்பான ஆப்பைக் காட்டிவிட்டேனோ என்று புலம்பினார். "எந்த ஆப் நல்லதுன்னு நீங்களே சொல்லிருங்க. அங்கே எல்லாரும் போயிடுவோம்."

அவள் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்துக் கொடுத்தாள். அதில் பழைய குழு திறந்திருந்தது.

"எங்களையெல்லாம் அனுப்பிட்டு, நீங்க மட்டும் இந்தக் காலி வீட்டுல உக்காந்திருக்கீங்களா?"

"கீழே பாருங்க."

காலையில் வந்த படம். தொட்டியில் இரண்டே இலை. குடவாசல் பங்கஜவல்லி எழுதியிருந்தாள்: 'தணிகாசலம் அண்ணே, சித்திரையில நீங்க அனுப்பிச்ச தம்பட்டை அவரை. ஆடி வரட்டும்னு வச்சிருந்து போட்டேன். இன்னிக்குத்தான் தலை காட்டுச்சு. அண்ணே, இருக்கீங்களா?'

அதற்குக் கீழே சகாயமேரி பதில் போட்டிருந்தாள்: 'அண்ணன் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயிருக்கார். வா, நான் கூட்டிட்டுப் போறேன்.'

அதற்கும் மேலே நகர்த்திப் பார்த்தார். ஒரு கொத்தவரை. ஒரு பீர்க்கை. பாகல் மூன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே அதே பதில்.

தணிகாசலம் திரும்ப அந்த இரண்டு இலைக்கே வந்தார்.

"இன்னும் எத்தனை நாள் இங்கே உக்காந்திருப்பீங்க?"

"நீங்க இந்தச் சித்திரையில எத்தனை பேருக்கு விதை குடுத்தீங்கண்ணே?"

விரலை மடக்க ஆரம்பித்தவர், இரண்டு கையும் தீர்ந்ததும் நிறுத்திவிட்டார். பூவாளியைக் கீழே வைத்தார். தன் போனை எடுத்து, கோபத்தில் அழித்திருந்த பழைய ஆப்பை மறுபடி இறக்கத் தொடங்கினார்.