உபயம்: வடிவம்மாள்

ஏரிக்கரைப் பறவை மையத்தில் அடிக்கடி கரண்ட் போகும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பல்பும் கூடவே அணைந்துவிடும். மில் முதலாளி ரத்தினசபாபதி, இறந்துபோன தன் அம்மா நினைவாக முற்றத்தில் தூண் நிறுத்தி சோலார் போட்டுத்தர முன்வந்தார். பேனல்களை மேலே ஏற்றிய அன்று ஒரு பெயிண்டரையும் கூட்டிவந்தார்.

"ஒவ்வொரு பேனல் மேலயும் 'உபயம்: வடிவம்மாள்'னு பெருசா பெயிண்ட்ல எழுதணும். இல்லேன்னா சோலார் கிடையாது."

மேனேஜர் சரியென்று தலையாட்டினார். பெயிண்டர் ஏணியில் கால் வைத்துவிட்டான். குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் செங்கமலம்தான் பேசினாள்.

"தாராளமா எழுதுங்கய்யா. கோயில் டியூப்லைட்லயும் அப்படித்தானே எழுதுறாங்க. ஒரு சந்தேகம் மட்டும். பெயிண்ட் அடிச்சா பேனல்ல வெயில் படாது, ராத்திரி பல்பு எரியாது, குஞ்சுங்க குளிர்ல நடுங்கும். இது யாரு உபயம்னு கேட்டா, அம்மா பேரைத்தானே சொல்லணும்?"

முதலாளியின் முகம் சுருங்கிப்போனது. சின்னப்பிள்ளை மாதிரி கேட்டார்: "அப்ப எங்கம்மா பேரை எங்கதான் எழுதுறது?"

"பேனலுக்கு அடியில எழுதுங்கய்யா. வெயிலுக்கு ஒதுங்குறவங்க அண்ணாந்து பாத்தாத் தெரியும்."

அப்படியே எழுதினார்கள். அந்த நிழலில் முதல் ஆளாகத் துண்டை விரித்து மல்லாந்து படுத்தவர் முதலாளிதான்.