சன்னாசி நீளத்தில் ஒரு வண்டி

கொட்டாங்குறிச்சிக்காரர்களிடம் ஒரு வேலையை ஒரு முறை சொன்னால் போதும். சொன்னதைச் சொன்னபடி முடித்துவிடுவார்கள். முடித்த பிறகு சொன்னவர்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த ஊர்க் கொளஞ்சியும் அவன் தம்பிகளும் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளுக்கு வீட்டில் இடம் பார்த்தது அப்படித்தான்.

மூத்தவன் கொளஞ்சி. கோபம் சீக்கிரம் வராது, வந்தால் போகாது. அடுத்தவன் பாவாடை, எதையும் யோசித்துத்தான் பேசுவான். கேட்டவர்களுக்கு அவன் யோசிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். மூன்றாமவன் வைத்தி, வாசற்படியில் பக்கவாட்டில் நுழைகிற உடம்பு. கடைசி சன்னாசி, நெட்டையன், சொன்ன பேச்சைத் தட்டாதவன்.

கொளஞ்சியின் கோபமெல்லாம் எதிர்வீட்டு அய்யாக்கண்ணு மேல். அய்யாக்கண்ணு அவன் தங்கை புருஷன். மகனுக்குக் காது குத்திய விருந்தில் அவனே பந்தியில் அப்பளம் போட்டுக்கொண்டு வந்தான். கொளஞ்சிக்கு முந்தின இலையோடு கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அப்பளம் மட்டும் இன்னும் வரவில்லை.

வண்டி வாங்கப் போகும் சேதி கேட்டதும் அய்யாக்கண்ணு தெருவில் நின்று, ஊர் கேட்கச் சொன்னான்.

"உங்களுக்கு வண்டி வச்சுக்கத் தெரியாது மச்சான். உங்க வீட்ல ஆளுக்கே கால நீட்ட எடம் கெடையாது. மொத மழைக்கு அந்த வண்டி என் மாட்டுக் கொட்டாயிலதான் வந்து ஒதுங்கும். பாத்துக்கிட்டே இருங்க."

"ஒதுங்கலன்னா, மாப்ள?"

"ஒதுங்குச்சுன்னா சாவி என் வீட்டு ஆணியில தொங்கும். ஒதுங்கலன்னா, அன்னிக்கு விட்டுப்போன அப்பளத்த நானே பொரிச்சு எடுத்தாந்து உங்க கையில குடுக்கறேன்."

அன்று முதல் கொளஞ்சிக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே அப்பள வாசனைதான் வந்தது.

டவுனுக்குப் போய் வண்டியைப் பேசி முடித்தார்கள். கடைக்காரர் நல்ல மனுஷன், கேட்காமலே புத்தி சொன்னார். "வெள்ளிக்கெழம வண்டி வீட்டுக்கே வந்துரும். அதுக்குள்ள அளவு பாத்து ஒரு எடத்த ஒதுக்கி வைங்க. மழை ஒரு சொட்டு படக்கூடாது. வண்டியச் சுத்தி ஒரு ஆள் நடக்கற மாதிரி இருக்கணும். அந்த எடத்துல மூட்ட முடிச்சப் போட்டு அடைச்சுறாதீங்க. யார் வந்து கேட்டாலும் விட்டுக் குடுக்காதீங்க."

அளவு எடுக்க அவர்களிடம் டேப் இல்லை. பாவாடை யோசித்தான். கடையில் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பிகளை ஒவ்வொருவராகக் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கொளஞ்சி பத்தவில்லை. வைத்தி நீளத்தில் குறைந்து அகலத்தில் மிஞ்சினான். சன்னாசி இரண்டு கையையும் முன்னால் நீட்டியபோது, விரல் நுனி முன்சக்கரத்தோடும் குதிகால் பின்விளக்கோடும் கச்சிதமாக நின்றது.

"வண்டி அளவுக்கே பொறந்திருக்கான்டா!" என்று கொளஞ்சி நெகிழ்ந்து போனான். வீடு வந்து சேரும்வரை சன்னாசியைப் பத்திரமாகக் கூட்டி வந்தார்கள். அளவு எங்கேயும் இடித்து நசுங்கிவிடக் கூடாதே.

கூடத்தின் நடுவில் சன்னாசியைப் படுக்க வைத்தார்கள். ஹேண்டில்பாருக்கு ஒரு துடைப்பக்கட்டையைத் தோள்மேல் குறுக்காகக் கட்டினார்கள். சைடு ஸ்டாண்டுக்கு இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கச் சொன்னார்கள். இடம் பிரமாதமாக அமைந்தது. சமையலறைக்குப் போகிற வழிதான் இல்லை.

கொளஞ்சியின் மனைவி செந்தாமரை குடத்தோடு வந்து நின்றாள். "அளவு எடுத்தாச்சில்ல, ஒரு கரிக்கோடு கிழிச்சுட்டு அவன எழுந்திருக்கச் சொல்லுங்களேன்."

"கோட்டுக்கு நீளம் அகலம்தான் இருக்கும் அண்ணி, கனம் இருக்குமா?" என்றான் பாவாடை. "நாளைக்கு யாராவது வந்து மூட்டையப் போட்டா கோடு தடுக்குமா? சன்னாசின்னா 'அய்யோ'ன்னாவது கத்துவான்."

கொளஞ்சிக்கு அது சரியாகப் பட்டது. அடுத்தது, சுற்றி ஒரு ஆள் நடக்க வேண்டிய விஷயம்.

"எந்த ஆளுன்னு கடைக்காரர் சொல்லலியே" என்றான் வைத்தி.

"ஒல்லி ஆளு நடந்து எடம் பத்தி, அப்புறம் குண்டு ஆளு நடந்து பத்தலன்னா என்ன பண்றது? நீயே நட" என்றான் கொளஞ்சி.

வைத்தி நடந்தான். சாயங்காலம் வரை நடந்துவிட்டு, "எப்ப நிறுத்தறதுண்ணே?" என்று கேட்டான். நிறுத்துவதைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. ஆகவே வைத்தி தொடர்ந்து நடந்தான். சமையலறைக்குப் போகிறவர்கள் அவன் பின்னாலேயே பாதிச் சுற்று போய்ப் பிரிந்துகொண்டார்கள். செந்தாமரை குழம்புச் சட்டியோடு ஒரு முறை பிரியத் தவறி, முழுச் சுற்றும் சுற்றி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வண்டி வந்தா நான் எங்க போய் நிக்கறது, தெருவுலயா?" என்று கத்தினாள்.

"உன்மேல மழை படலாம்டி. கடைக்காரர் ஒண்ணும் சொல்லல" என்றான் கொளஞ்சி.

சன்னாசிக்குச் சோறு போடுவதிலும் சிக்கல் வந்தது. வயிறு உப்பினால் அளவு மாறுமா, மாறாதா? பாவாடை கண்ணை மூடி யோசித்து, "டேங்க் நெறஞ்சா வண்டி பெருத்தா போவுது?" என்றான். அப்புறம்தான் சன்னாசிக்குச் சோறு கிடைத்தது. படுத்தபடியே தலையைத் தூக்கி, புனல் மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். அவனுக்கு இந்த வாழ்க்கை பிடித்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அதே நேரத்தில் கடை ஆள் புத்தம்புது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

"மழை வருதுங்க. உள்ள எங்க நிறுத்தட்டும்?"

கொளஞ்சி பெருமையாகக் கூடத்தைக் காட்டினான். கடை ஆள் எட்டிப் பார்த்தான். துடைப்பக்கட்டையோடு ஒருவன் படுத்திருந்தான், இன்னொருவன் அவனைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அவர எழுந்திரிக்கச் சொல்லுங்க, வண்டிய விட்டுர்றேன்."

"அது வண்டிக்கு ஒதுக்குன எடமாச்சே" என்றான் கொளஞ்சி. "யார் வந்து கேட்டாலும் விட்டுக் குடுக்காதீங்கன்னு உங்க கடையிலதான் சொன்னாங்க."

"யோவ், வண்டியே நாந்தான்யா கொண்டாந்திருக்கேன்!"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றான் பாவாடை. "இது வந்து எத்தினி நாளாவுது, நீ இப்பத்தான வர்ற?"

"ஆமாண்ணே, நான் இன்னும் எங்கயும் போவலியே" என்றான் சன்னாசி தரையிலிருந்து.

கடை ஆளுக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். எதிர்வீட்டிலிருந்து அய்யாக்கண்ணு, "இங்க கொண்டாப்பா, நம்ம கொட்டாயில தாராளமா எடம் இருக்கு!" என்று கை காட்டினான். கடை ஆள் வண்டியை நேரே கொட்டாயில் நிறுத்தி, சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடியே போனான்.

அய்யாக்கண்ணு சாவியை விரலில் சுழற்றினான். "ஆணி அடிச்சு வச்சிருக்கேன் மச்சான். மழை எறங்கட்டும், மாட்டிர்றேன்."

கொளஞ்சி தம்பிகள் பக்கம் திரும்பினான். அப்பளம் மறுபடியும் ஒரு இலைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. "டேய், ஏதாவது சொல்லுங்கடா!"

வைத்திக்குச் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்திருந்தது. அதனாலோ என்னவோ அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "நம்ம கூடத்துல சன்னாசி இருந்ததால வண்டிக்கு எடமில்ல. அந்தக் கொட்டாயிலயும் சன்னாசி இருந்தா...?"

கொளஞ்சி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நொடியில் துடைப்பக்கட்டை அவிழாமல் சன்னாசியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டாய் வாசலில் நின்றார்கள். கூடத்தில் இடம் காலியாகிவிட்டதே என்று பாவாடை திரும்பி ஓடி, யாரும் மூட்டையைப் போட்டுவிடாதபடி அங்கே தான் படுத்துக்கொண்டான்.

"மாப்ள, உங்க மச்சான் வந்திருக்கான், படுக்க எடம் வேணும்" என்றான் கொளஞ்சி.

அய்யாக்கண்ணுவும் கொட்டாங்குறிச்சிக்காரன்தானே. வீடு தேடி வந்த மச்சானுக்கு இடமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொட்டாயில் மாடு ஒரு பக்கம், வைக்கோல் ஒரு பக்கம், நடுவில் வண்டி. "இருங்க, இதக் கொஞ்சம் ஒதுக்கிர்றேன்" என்று தன் கையாலேயே வண்டியைத் தள்ளி நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, சன்னாசியை உள்ளே படுக்க வைத்தான். சைடு ஸ்டாண்டையும் அவனே சரிபார்த்தான்.

மழை கொட்டத் தொடங்கியது.

"இப்பச் சொல்லுங்க மாப்ள" என்றான் கொளஞ்சி, தலையில் தண்ணீர் வழிய. "மொத மழை வந்தாச்சு. வண்டி உங்க கொட்டாயிலயா நிக்குது?"

அய்யாக்கண்ணு கொட்டாயைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். புது வண்டி நனைந்துகொண்டு நின்றது. வைத்தி அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தான்.

"இல்ல மச்சான்" என்று ஒத்துக்கொண்டான்.

பேச்சு மாறாத மனுஷன். உள்ளே போய், அப்பளத்தைப் பொரித்து, தட்டில் வைத்து, தெருவுக்கே கொண்டு வந்து நீட்டினான். கொளஞ்சியின் கைக்கு வருவதற்குள் அது ஈரத்துணி மாதிரி துவண்டு தொங்கியது. கொளஞ்சி அதை மடித்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றான். இத்தனை ருசியான அப்பளத்தை அவன் தின்றதே இல்லை.

அப்போது கொட்டாய்க்குள்ளிருந்து சன்னாசியின் குரல் வந்தது. "அண்ணே! என்மேல மழை ஒரு சொட்டு கூடப் படலண்ணே!"

கொளஞ்சி வாய் நிறைய அப்பளத்தோடு அய்யாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டுக்கங்க மாப்ள. வண்டிய வச்சுக்கத் தெரியாதவங்கன்னா சொன்னீங்க?"